ரம்மி மேசையும் மாய உலகமும் ஒன்றல்ல: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு முன்பே இருந்தது. ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் இழந்தவர்களின் செய்திகளை ஆண்டுக்கணக்கில் படித்துவந்ததால், ‘ஆன்லைன் கேம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோருக்கு நெஞ்சு பதறுவது இயல்பு. அஸ்தம்பட்டியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவன் கணினியில் மந்திரவாதியாக ஒரு மாயாஜால உலகில் உலவுகிறான், அதற்கு மாதச் சந்தா கட்டுகிறான், முகம் தெரியாத நாற்பது பேரோடு பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய அம்மாவுக்கு மூன்று கேள்விகள் எழும். இது சூதாட்டமா? சட்டவிரோதமா? பையனுக்குக் கேடா?

மூன்றுக்கும் தனித்தனி விடைகள் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் கவனிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ சண்டை போடுகிறோம். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

எந்த வகை விளையாட்டு இது

ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி.’ என்று அழைக்கப்படும் இந்த வகையில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகுக்குள் நுழைகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, போர்வீரனாகவோ வைத்தியராகவோ மந்திரவாதியாகவோ அதை வளர்க்கிறார்கள். இதன் மூதாதை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய ‘மட்’ என்ற விளையாட்டு. அதில் படமே இல்லை, எல்லாம் எழுத்துதான். 1997இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1999இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆகியவை வந்தன. கடைசியாகச் சொன்னதற்கு 2010இல் உலகெங்கும் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

மற்ற விளையாட்டுகளிலிருந்து இதைப் பிரிப்பவை மூன்று.

1. உலகம் நிற்பதில்லை. நாம் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் அங்கே சந்தை நடக்கிறது, போர் நடக்கிறது. இடையில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது.

2. பாத்திரம் சேமித்துவைக்கப்படுகிறது. இன்று கிடைத்த வாள் அடுத்த ஆண்டும் இருக்கும். ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரே பாத்திரத்தின்மேல் குவிகிறது.

3. முடிவு என்று ஒன்று இல்லை. உச்ச நிலையை எட்டியபின்தான் பெரிய குழுச் சவால்கள் தொடங்குகின்றன. நிறுவனமும் புதுப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

உலகம் நிற்காமல் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் பரவிய ‘கெட்ட ரத்தம்’ என்ற சாபம் நல்ல சான்று. ஒரு பாதாளக் கோட்டையின் அரக்கன் வீரர்கள்மேல் ஏவும் அந்த நோய் கோட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் திட்டம். வீரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக அது நகரங்களுக்குத் தப்பியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். சிலர் வைத்தியம் செய்ய ஓடினார்கள், சிலர் நகரத்தை விட்டே ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மருத்துவ ஆய்விதழான ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. தொற்றுக் காலத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை ஒரு விளையாட்டிலிருந்து படிக்க முடிந்தது என்றால், அங்கே இருப்பவர்கள் உண்மையான மனிதர்கள் என்பதால்தான். இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

விரல் சேலத்தில், தீர்ப்பு சிங்கப்பூரில்

சேலத்துக் கணினி காட்டுவது படம் மட்டுமே. அடி விழுந்ததா, பொருள் யாருக்குக் கிடைத்தது, யார் இறந்தார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது நிறுவனத்தின் சர்வர் என்ற மையக் கணினி. நம் கணினி “இந்த மந்திரத்தை ஏவ விரும்புகிறேன்” என்று கேட்கிறது. சர்வர் கணக்குப் பார்த்துத் தீர்ப்பைத் திருப்பி அனுப்புகிறது. ஏமாற்றுவேலையைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவை. முடிவு நம் கணினியில் நடந்தால் எவரும் தன் பையில் கோடி பொற்காசு இருப்பதாக எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி போய் விடை வரும் நேரத்தைத்தான் ‘பிங்’ என்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சேலத்திலிருந்து சென்னை வழியாகக் கடலடி கேபிளில் அங்கே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். போய்வர 7,000. அதாவது இயற்பியல் விதிப்படியே 35 மில்லிவிநாடிக்குக் குறையாது. வழியில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்தால் அது இரு மடங்காகலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்குள்ள சர்வர் என்றால் 200 மில்லிவிநாடியைத் தாண்டுவது சாதாரணம். எவ்வளவு பணம் கட்டி வேகமான இணைப்பு வாங்கினாலும் தூரம் குறையாது. விளம்பரத்தில் சொல்லும் ‘எம்.பி.பி.எஸ்.’ (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) குழாயின் அகலம், பிங் என்பது குழாயின் நீளம்.

ஆனால் துப்பாக்கி விளையாட்டுகளைப் போல இந்த வகைக்குத் தாமதம் உயிர்ப் பிரச்சினை அல்ல. வார்கிராஃப்டில் பெரும்பாலான திறன்களை ஒருமுறை பயன்படுத்தினால் அடுத்ததற்கு ஒன்றரை விநாடி வரை காத்திருக்க வேண்டும். ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டின் சர்வர் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் எல்லாருடைய கட்டளைகளையும் நிறைவேற்றுகிறது. இந்த இடைவெளிக்குள் 150 மில்லிவிநாடி கரைந்துவிடுகிறது. ஏற்காட்டு எஸ்டேட் வீட்டில் சுமாரான சிக்னலில் இருப்பவரும் இதில் குறையில்லாமல் விளையாட முடிவது இதனால்தான்.

மலைமேல் இருப்பவருக்குத் தொல்லை வேறு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, நிறுவும் அளவு. விளையாடும்போது செலவாகும் டேட்டா மிகக் குறைவு, மொபைல் திட்டத்தின் தினசரி அளவே போதும். ஆனால் பெரிய விளையாட்டுகளை நிறுவ 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டியிருக்கும், புதுப்பிப்புகளும் சில நேரம் பல ஜிபி வரும். கீழே சேலத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இறக்கி, வெளி ஹார்டு டிஸ்க்கில் மேலே கொண்டுபோவது நல்ல வழி. இரண்டு, மின்தடை. மழையும் காற்றும் சேர்ந்த இரவில் மரம் விழுந்து மின்சாரம் போனால், கணினி அணைந்துவிடும். சர்வரில் பாத்திரம் சிறிது நேரம் அப்படியே நின்றுகொண்டிருக்கும், அரக்கனும் அடித்துக்கொண்டிருப்பான். சாதாரணமாக இது சிறு நட்டம்தான், பாத்திரம் மறுபடி எழும். வார்கிராஃப்டின் பழைய வடிவமான ‘கிளாசிக்’கில் 2023இல் தொடங்கிய ‘ஹார்ட்கோர்’ சர்வர்களில் ஒருமுறை இறந்தால் இறந்ததுதான். மோடமுக்கும் கணினிக்கும் யு.பி.எஸ். இல்லாமல் ஏற்காட்டிலிருந்து அதில் இறங்குவது வீண் துயரம்.

கடிகாரம்தான் பெரிய சிக்கல்

இந்த விளையாட்டால் மாணவர்களுக்கு வரும் பாதிப்பில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் வருகிறது. அதற்கான காரணத்தை ஆராய்ந்தால் பையனின் ஒழுக்கத்தைவிட உலக வரைபடம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பெரிய அரக்கர்களைத் தனியாக வெல்ல முடியாது. அதற்காகக் ‘கில்டு’ என்ற நிரந்தரக் குழுக்கள் இருக்கின்றன. கில்டு சேர்ந்து செய்யும் படையெடுப்புக்கு ‘ரெய்டு’ என்று பெயர். வார்கிராஃப்டின் தொடக்ககால ரெய்டுகளுக்கு 40 பேர் வேண்டியிருந்தது. இப்போது அதன் மிகக் கடினமான நிலைக்கு 20 பேர், ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’இல் பெரும்பாலும் 8 பேர். முன்னின்று அடி தாங்குபவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கும். எட்டுப் பேரில் காயம் ஆற்றுபவர் ஒருவர் எழுந்து போனாலும் மற்ற எல்லாருடைய மாலையும் வீணாகும். ஒரு ரெய்டு இரண்டு, மூன்று மணி நேரம் நீளும்.

ரெய்டு நேரத்தை வைப்பது அந்தச் சர்வரில் பெரும்பான்மையாக இருப்பவர்களின் வசதிப்படி. அவர்களுக்கு இரவு 8 மணி என்பது சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம். அது சேலத்தில் எத்தனை மணி?

1. சிங்கப்பூர் நேரத்தில் நடக்கும் குழு என்றால் நமக்கு மாலை 5.30. டியூஷன் நேரத்தில் மோதும், ஆனால் தூக்கத்தைத் தொடாது.

2. ஐரோப்பாவின் நடுப்பகுதி என்றால் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. மூன்று மணி நேர ரெய்டு முடியும்போது குளிர்காலத்தில் விடிகாலை 3.30.

3. அமெரிக்காவின் கிழக்குக் கரை என்றால் கோடையில் அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. பள்ளிக்குக் கிளம்பும் நேரம்.

வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வர் இல்லை. ஃபைனல் ஃபேன்டஸிக்கும் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியப் பகுதி என்றுதான் மையங்கள். ‘ஆல்பியன் ஆன்லைன்’ 2023இல் ஆசியாவுக்கெனத் தனி சர்வரைத் திறந்தது. இங்கிருந்து சேருபவர்கள் பெரும்பாலும் நண்பன் எங்கே இருக்கிறானோ அங்கே சேர்ந்துவிடுகிறார்கள், அல்லது பிங் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த முதல் நாள் தேர்வு, அடுத்த இரண்டு ஆண்டுகளின் தூக்கத்தைத் தீர்மானித்துவிடுகிறது. என் பார்வையில் பெற்றோர் தலையிட மிகப் பொருத்தமான தருணம் அதுதான். எந்த சர்வர், அந்தக் குழுவின் ரெய்டு இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள் என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மாலையில் கூடும் குழுக்களும், வாரம் ஒருநாள் மட்டும் கூடும் குழுக்களும் நிறையவே இருக்கின்றன.

ரெய்டின் நடுவே ஒயரைப் பிடுங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அப்படிச் செய்யும் தந்தைக்கு அது ஒரு பொம்மையை அணைப்பதாகத் தோன்றுகிறது. பையனுக்கோ, தன்னை நம்பி நின்ற ஏழு பேரைக் கைவிட்ட அவமானம். அந்த அவமானத்தின் வேகத்தில் வெடிக்கும் சண்டையைப் பார்த்து ‘போதை’ என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறு. முன்கூட்டியே நாளும் நேரமும் பேசி வைத்த வீடுகளில் இந்தச் சண்டையே வருவதில்லை.

பொற்காசும் ரூபாயும்

இந்த உலகங்களுக்குள் ஒரு பொருளாதாரம் ஓடுகிறது. மூலிகை பறிப்பவர், மருந்து காய்ச்சுபவர், வாள் அடிப்பவர் என்று ஒவ்வொருவரும் தம் பொருளை ஏலக்கூடத்தில் வைக்கிறார்கள். வரத்து கூடினால் விலை விழுகிறது, புது ரெய்டு திறக்கும் வாரத்தில் மருந்து விலை எகிறுகிறது. லீ பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரே வேறுபாடு, இங்கே காசு அச்சடிப்பவர் அரக்கன். ஒவ்வோர் அரக்கனைக் கொல்லும்போதும் புதுக் காசு பிறக்கிறது. அதை உறிஞ்ச வழி இல்லாவிட்டால் விலைவாசி வானத்துக்குப் போய்விடும். அதனால்தான் கவசம் பழுது பார்க்கக் கூலி, ஏலத்துக்குக் கழிவு என்று நிறுவனம் காசைத் திரும்ப எடுத்து அழிக்கிறது. 2001இல் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற பொருளியலாளர் எவர்குவெஸ்ட் உலகின் பொருளாதாரத்தை ஆராய்ந்து எழுதியபிறகு, இது ஒரு கல்வித் துறையாகவே வளர்ந்தது.

உள்ளே இருக்கும் காசுக்கு உழைப்பு தேவைப்படுவதால், வெளியே ரூபாய் கொடுத்து வாங்கக் கூட்டம் சேருகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் தம் விதிகளில் இதைத் தடை செய்திருக்கின்றன. பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும், முறையிட வழியும் குறைவு. இப்படி விற்கப்படும் காசில் ஒரு பகுதி, பிறர் கணக்கைத் திருடிச் சேர்த்தது. “யு.பி.ஐ.யில் ஆயிரம் அனுப்பு, ஒரு லட்சம் பொற்காசு தருகிறேன்” என்று வரும் செய்திக்குப் பணம் அனுப்பி ஏமாந்தால், விளையாட்டு நிறுவனம் உதவாது. தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

நிறுவனமே பணம் வாங்கும் முறைகளில் மாதச் சந்தாவும், ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதும் நேர்மையானவை. என்ன செலவாகும் என்று முன்பே தெரியும். சந்தாவில் ஒரு சிறு கவனம் போதும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஓ.டி.பி. கேட்காது. விளையாட்டை நீக்கினாலும் பிடித்தம் தொடரும். விளையாட்டுக் கணக்கிலோ யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியிலோ ரத்து செய்தால்தான் நிற்கும்.

கவலைப்பட வேண்டியது மூன்றாவது முறை. ‘இலவசம்’ என்று உள்ளே அழைத்து, உள்ளே இருக்கும் கடையில் ‘லூட் பாக்ஸ்’ என்ற அதிர்ஷ்டப் பெட்டியை விற்பது. பெட்டிக்குள் என்ன என்று பணம் கட்டித் திறந்தபின்தான் தெரியும். பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டம் என்று அறிவித்தது. தென்கொரியாவில் 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. ‘மேப்பிள்ஸ்டோரி’ விளையாட்டில், ஆயுதத்தின் திறன்களைக் குலுக்கல் முறையில் மாற்றும் ‘கியூப்’ என்ற பொருளை விற்றுவந்த அந்நிறுவனம், நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பைச் சொல்லாமலே குறைத்தது என்பது குற்றச்சாட்டு. சில திறன் சேர்க்கைகள் வரும் வாய்ப்பு பூஜ்யமாகவே ஆக்கப்பட்டிருந்தது. வராத ஒன்றுக்காகப் பிள்ளைகள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சிலிருந்து அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

சட்டம் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது: இ-ஸ்போர்ட்ஸ் (திறமைப் போட்டிகள்), சமூக விளையாட்டு (பந்தயம் இல்லாத பொழுதுபோக்கு), பண விளையாட்டு. தடை மூன்றாவதற்கு மட்டும். பணம் அல்லது பணத்துக்கு ஈடானதைக் கட்டி, பதிலுக்குப் பணமோ வேறு ஆதாயமோ வெல்லலாம் என்று எதிர்பார்த்து ஆடுவதே பண விளையாட்டு. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் அங்கே செல்லாது. தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும். ஆடியவருக்கு அல்ல.

இதை அஸ்தம்பட்டி மாணவனுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. அவன் கட்டும் சந்தா பந்தயப் பணம் அல்ல, நுழைவுக் கட்டணம். சமூக விளையாட்டுக்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

2. அரக்கனை வென்று அவன் பெறும் வாளை ரூபாயாக மாற்ற நிறுவனம் வழி வைக்கவில்லை. வெளிச்சந்தையில் விற்பது விதிமீறல்.

3. அதிர்ஷ்டப் பெட்டிதான் எல்லைக்கோட்டின் அருகே நிற்கிறது. பெட்டியில் வரும் பொருளைப் பணமாக்கும் வாசல் விளையாட்டுக்குள்ளேயே இருந்தால், அது சட்டத்தின் வரையறையை நோக்கி நகருகிறது. சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டி, முதலில் ‘டோக்கன்’ என்ற மின்காசை வாங்கச் சொல்லும் விளையாட்டுகளை நான் மாய உலகம் என்ற கணக்கிலேயே சேர்க்கமாட்டேன்.

தமிழ்நாட்டு விதிகளிலும் இதே பிரிவினைதான். 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் 18 வயதுக்கு உட்பட்டோரைத் தடுக்கின்றன, ஆதார் சரிபார்ப்பைக் கேட்கின்றன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்நுழைவை நிறுத்துகின்றன. சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை அதே ஆண்டு ஜூனில் உறுதி செய்தது. ஆனால் அவை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு மட்டுமே. சந்தா கட்டி ஐரோப்பிய சர்வரில் அரக்கனோடு போரிடும் மாணவனை நள்ளிரவில் எந்த அரசாணையும் எழுப்பிவிடாது. பந்தயப் பணத்தைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது, தூக்கத்தை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11இல் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒருவர் எத்தனை மணி நேரம் விளையாடுகிறார் என்ற எண்ணிக்கை அதன் அளவுகோலில் இல்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டுக்கே முதலிடம், கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையோ உறவையோ வேலையையோ கடுமையாகப் பாதித்து, பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடித்தால்தான் அந்தப் பெயர். கோடை விடுமுறையில் நாள் முழுதும் விளையாடிவிட்டு, பள்ளி திறந்ததும் குறைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நோய் இல்லை. அதே நேரம், கில்டு நண்பர்களைத் தவிர வேறு யாரிடமும் பேசாமல், ரெய்டு இல்லாத நாளிலும் சாப்பாட்டை மறந்து உள்ளேயே கிடக்கும் பிள்ளை வெளியே எதையோ தவிர்க்கிறது. மதிப்பெண்ணா, பள்ளியில் யாரேனும் துன்புறுத்துகிறார்களா, வீட்டில் நடக்கும் சண்டையா என்று அதைத் தேட வேண்டும்.

உதவி தேவைப்பட்டால் அரசின் டெலி-மானஸ் மனநல எண் 14416 கட்டணமில்லாமல் கிடைக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நேரிலும் அணுகலாம். போகும்போது விளையாட்டின் பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எத்தனை மணிக்கு எழுகிறான், எந்த நாட்களில் ரெய்டு, எவ்வளவு பணம் போனது என்று இரண்டு வாரக் குறிப்பு எடுத்துக்கொண்டு போவது நல்லது. வார்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்கில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியில் விளையாடிய நேரத்தின் அறிக்கையைப் பெறலாம், எந்த மணிக்கு மேல் உள்ளே நுழையக் கூடாது என்றும் குறித்து வைக்கலாம். அந்த மணியைப் பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவனுடைய ரெய்டு அட்டவணையைப் பார்த்தபடி குறியுங்கள்.